முதல் ஊசிக்கு முன்னால்

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். அவருடைய ரத்தமோ சீழோ எலும்புத் துணுக்கோ ஒரு குப்பியில் என் மேசைக்கு வரும், கூடவே பாதி நிரப்பிய படிவம் ஒன்றும் வரும். பெயர், வயது, வார்டு எல்லாம் எழுதியிருப்பார்கள். "இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும். முதுகெலும்பில் தொற்று என்று சந்தேகித்து அனுப்பும்போது நான் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தைத்தான்.

அண்மையில் வந்த ஒரு லாரி ஓட்டுநரின் கதை இது. ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. இடுப்புக்குச் சற்று மேலே மாதக்கணக்கில் வலி. லாரி ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள், வெளியிலும் விட்டுவிட்டார்கள். பெல்ட் போட்டார், தைலம் தடவினார், வலி ஊசி போட்டுக்கொண்டார். நடுவில் நீர்க்கடுப்பு வந்தபோது மருந்துக்கடையில் சொல்லி லீவோஃப்ளாக்சசின் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு காய்ச்சல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் சில நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, வலி இறங்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் இரண்டு முள்ளெலும்புகளும் அவற்றுக்கு நடுவிலிருந்த டிஸ்க்கும் அரித்துப்போயிருந்தன. அதற்குப் பிறகுதான் அவருடைய ரத்தம் கல்ச்சருக்கு வந்தது. எதுவும் வளரவில்லை.

அறிக்கை வாங்க வந்த அவர் மனைவி கேட்டார்: "ஒண்ணும் வளரலைன்னு போட்டிருக்கே டாக்டரம்மா, அப்போ கிருமி இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இல்லம்மா. நீங்க போட்ட ஊசி ரத்தத்துல இருந்த கிருமியை அடக்கிடுச்சு. எலும்புல இருக்கறதை அடக்கலை."

அந்த அம்மாவுக்குப் புரிந்தது. பல மருத்துவமனைகளுக்கு இது இன்னும் புரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதுகெலும்புத் தொற்று பெரும்பாலும் ரத்தம் வழியாக வருகிறது. காலில் ஆறாத புண், சிறுநீர்ப் பாதை, டயாலிசிஸ் குழாய், எங்கிருந்தும் கிளம்பலாம். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி முள்ளெலும்பின் விளிம்பில் தங்கி, டிஸ்க்கைத் தின்று, அடுத்த எலும்புக்குத் தாவும். பலருக்குக் காய்ச்சலே இருக்காது. அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகின்றன.

அந்தக் கிருமி எது என்பதில்தான் மருத்துவம் முழுதும் நிற்கிறது. சீழ் பிடிக்கும் வகையில் முதலிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு. சிறுநீர்த் தொற்றுக்குப் பிறகு வந்தால் ஈ.கோலை போன்றவை. நம் நாட்டில் இவற்றோடு காசநோய்க் கிருமியும் நிற்கிறது. ஆடு மாடு வளர்ப்பவர், காய்ச்சாத பால் குடிப்பவர் என்றால் புரூசெல்லா. சர்க்கரை நோயுள்ள விவசாயி, சேற்றிலும் வயல் நீரிலும் நிற்பவர் என்றால் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. இந்தக் கடைசிக் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்று நினைத்து ஒதுக்கிவிடும் ஆய்வகங்கள் உண்டு. புரூசெல்லா மெதுவாக வளரும், ஆய்வகத்தில் வேலை செய்பவரையும் தொற்றும். "வீட்டில் மாடு இருக்கிறது" என்று படிவத்தில் ஒரு வரி எழுதினால், தட்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதிலிருந்து எங்கே வைத்துத் திறப்பது என்பது வரை நான் மாற்றிக்கொள்வேன். எங்கள் டெக்னீஷியன் பிள்ளைகளின் உயிரும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இத்தனை கிருமிகளுக்கும் பொதுவான ஒரு மருந்து கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸுக்கும் ஈ.கோலைக்கும் ஆறு வாரம் போதும். ஆறு வாரமும் பன்னிரண்டு வாரமும் ஒரே பலன் தந்ததைப் பிரான்சில் நடந்து 2015இல் லான்செட்டில் வெளியான ஆய்வு காட்டியது. புரூசெல்லாவுக்குக் குறைந்தது மூன்று மாதம், அதுவும் கூட்டு மருந்து. முதுகெலும்புக் காசநோய்க்கு இந்திய வழிகாட்டி சொல்வது பன்னிரண்டு மாதம், தேவைப்பட்டால் பதினெட்டு. பர்க்ஹோல்டேரியாவுக்கு செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி, பிறகு மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல். கிருமியின் பெயர் தெரியாமல் இதில் எதைத் தொடங்குவது?

"பவர் கூடினதாப் போடுங்க டாக்டர்" என்று நோயாளியின் வீட்டார் கேட்பதில் குற்றமில்லை. மருத்துவர்களும் அதே மொழியில் யோசிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸை, விலை குறைந்த பழைய மருந்தான செஃபாசோலின், பெரிய ஊசி என்று பெயரெடுத்த வான்கோமைசினைவிட நன்றாகக் கொல்லும். வான்கோமைசின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியது. மெத்திசிலினை எதிர்க்கும் வகையாக இருந்தால் வான்கோமைசின் வேண்டும், சந்தேகமில்லை. இரண்டில் எது என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. நோயாளி நிலையாக இருக்கிறார், கால்கள் பலமாக இருக்கின்றன என்றால், கிருமி எதுவென்று தெரியும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்திவையுங்கள். முதலில் ரத்தக் கல்ச்சர், இரண்டு இடங்களில் குத்தி எடுத்தது. பாதிப் பேருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். ஸ்கேனும் பொருந்தி ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் வளர்ந்தால் எலும்பில் ஊசி விட வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காதபோது, ஸ்கேன் பார்த்தபடி ஊசி விட்டுத் திசு எடுக்க வேண்டும். காலில் பலம் குறைந்தால், சிறுநீர் தன்னறியாமல் போனால், ரத்த அழுத்தம் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. அப்போதும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சில நிமிடங்கள் போதும், அதன் பிறகு உடனே ஊசி போடலாம்.

லாரி ஓட்டுநருக்கு வருகிறேன். ரத்தத்தில் எதுவும் இல்லை என்றதும் திசு எடுத்து அனுப்பினார்கள், ஃபார்மலினில். நோய்க்குறியியல் துறைக்கு ஃபார்மலின் வேண்டும், அவர்கள் திசுவின் அமைப்பைப் பார்க்கிறவர்கள். எனக்கு வேண்டியது உயிரோடிருக்கும் கிருமி. ஃபார்மலின் அதை வரும் வழியிலேயே கொன்றுவிடும். மயக்க மருந்து கொடுத்து, முதுகெலும்புக்குள் ஊசி விட்டு, அரும்பாடுபட்டு எடுத்த துணுக்கை, எடுத்த அடுத்த நொடி பயனில்லாமல் ஆக்கிவிடுகிறோம். மலட்டுக் குப்பியில் கொஞ்சம் சலைன் விட்டு அதில் இன்னொரு துணுக்கைப் போட்டிருந்தால் போதும். இது பணமில்லாத குறை அன்று, அந்தக் குப்பியின் விலை ஒரு டீக்குக்கூட வராது. அரங்கில் நர்ஸ் கையில் எந்தக் குப்பி இருக்கிறதோ அதில் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதற்குள் அவருக்கு டிபி மருந்து தொடங்கலாம் என்று பேச்சு எழுந்துவிட்டது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் சென்னைக்குப் பெருமையும் இருக்கிறது. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருத்துவ ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருப்பது, நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. 1970களின் நடுவில் அதே மையம் முதுகெலும்புக் காசநோய்க்கும் ஆய்வு நடத்தி, பெரிய அறுவை இல்லாமல், படுக்கையில் கிடத்தாமல், மருந்தால் மட்டுமே பெரும்பாலோர் தேறுவார்கள் என்று நிறுவியது. அந்த வெற்றிக்குப் பிறகு மருந்து கையில் இருக்கும் தைரியத்தில், முதுகெலும்பு அரித்திருந்தால் டிபி என்று எழுதிவிடுவதும் சுலபமாகிவிட்டது. நம் ஊரில் அந்த ஊகம் பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத காசநோய் இருக்கும் காலம் இது. திசு கையில் இருந்தால் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். அது இல்லை என்று சொன்னாலும் டிபி இல்லை என்று முடிவு கட்ட முடியாது, கல்ச்சருக்கும் காத்திருக்க வேண்டும். புரூசெல்லாவுக்கும் ரிஃபாம்பிசின் ஓரளவு கேட்கும் என்பதால், டிபி மருந்தில் கொஞ்சம் தேறுவதை வைத்தும் ஏமாறலாம்.

நல்லவேளை, எலும்பு மருத்துவர் அவசரப்படவில்லை. ஓட்டுநரின் கால்கள் பலமாக இருந்ததால், எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, தினமும் காலைச் சோதித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு மறுபடி திசு எடுத்தார், சலைனில் வந்தது. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். டிபி மருந்தைத் தொடங்கியிருந்தால் ஓராண்டு அவர் வேறு நோய்க்கான மாத்திரைகளை விழுங்கியிருப்பார். செஃபாசோலினில் தேறினார். முதல் செஃப்ட்ரியாக்சோனுக்கு முன்னால் ரத்தம் எடுத்திருந்தால் இரண்டு முறை முதுகில் குத்துப்பட்டிருக்க வேண்டியதில்லை.

லீவோஃப்ளாக்சசினை மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கினாரே, அதையும் விடக்கூடாது. 2014 முதல் நடைமுறையிலிருக்கும் எச்1 அட்டவணையில் அந்த மருந்து இருக்கிறது. விற்கும்போது எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தனியாகக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசின் காசநோயைச் சில வாரம் அமுக்கி வைக்கும், கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமிக்கு எதிர்ப்பையும் பழக்கும். முரண்டு பிடிக்கும் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. 2012இல் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு நாடு தழுவிய திட்டம் கேட்ட பிரகடனத்துக்குச் சென்னையின் பெயர்தான். அந்தப் பெயரைச் சுமக்கும் மாநிலத்தில் மருந்து ஆய்வாளர் எச்1 பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது அதிசயமாக இருக்கலாகாது.

நான் அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதுகெலும்பில் ஊசி விடும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையோ தனியார் நர்சிங் ஹோமோ, அரங்கு டிராலியில் இரண்டு குப்பிகள் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று ஃபார்மலின், ஒன்று சலைன். ஆன்டிபயாடிக் கட்டம் காலியாக உள்ள படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆய்வகத்துக்கு வேண்டும். மாதிரியை நிராகரிக்கச் சொல்லவில்லை, திருப்பி அனுப்பக்கூடிய திசு அன்று அது. படிவத்தை மட்டும் அனுப்பி, அந்தக் கட்டத்தை நிரப்பித் தரும்வரை வார்டுக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருப்பேன்.