ஆற்றின் மதிப்பெண்

கோத்தோங் ரோயோங் முடிந்ததும் நாம் தவறாமல் செய்யும் ஒரு வேலை உண்டு. குப்பைப் பைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்வோம். எத்தனை பை, எத்தனை கிலோ என்பது ஆண்டறிக்கையில் ஏறும். அது நாம் பட்ட பாட்டின் கணக்கு. ஆறு அடைந்த பலனின் கணக்கன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில் பெரிய திட்டங்களும் நமக்குச் சளைத்தவையல்ல.

கிள்ளான் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டம், கிள்ளான் ஆற்றுப் படுகையில் 110 கிலோமீட்டர் நீளத்தை 2020-க்குள் 2பி வகுப்புக்கு உயர்த்துவதாகச் சொன்னது. உடல் நனைய விளையாடத் தகுந்த நீர் என்பது அதன் பொருள். 2020 கடந்துவிட்டது. கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் மஸ்ஜித் ஜாமேக் அருகே இரவில் நீல விளக்கு எரிகிறது. செயற்கைப் பனிமூட்டம் எழுகிறது. அழகுதான். அங்கே நின்று படம் எடுப்போரில் எத்தனை பேர் கீழே ஓடும் நீர் எந்த வகுப்பு என்று கேட்டிருப்போம்?

வகுப்பை அறிய உதவுவது சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு. கரைந்துள்ள உயிர்வளி, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள் முதலான 6 அளவுகளைச் சேர்த்து 100-க்கு மதிப்பெண் இடுகிறார்கள். 81-க்கு மேல் தூய்மை. 60-க்குக் கீழ் மாசு. நம் சிஜிபிஏ போலத்தான். ஒரு பாடத்தில் கோட்டை விட்டதை மற்ற பாடங்கள் மறைத்துவிடும். கழிவுநீர் கலப்பதைக் காட்டிக்கொடுக்கும் அம்மோனியா, மொத்த மதிப்பெண்ணில் ஒளிந்துகொள்ள முடியும். மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமியோ அந்த ஆறில் ஒன்றே அல்ல. 2பி நீரில் 100 மில்லிலிட்டருக்கு அது 400-ஐத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவுகோல். ஆக, குறியீடு நல்ல மதிப்பெண் காட்டும் நீரும் தொடத் தகாததாக இருக்கலாம்!

இரசாயனக் கழிவின் கதையும் இதுவே. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. குறித்த நாளில் எடுக்கும் மாதிரி, குறிக்காத நாளில் வரும் லாரியைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் கூட்டு மதிப்பெண்ணோடு தனித்தனி அளவுகளையும், இடம்வாரியாக, எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்கிறேன்.

தமிழ்ச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒவ்வோர் இதழிலும் ஆற்றைப் பற்றி ஒரு கவிதையாவது வருகிறதே, அந்த உறவு போதாதா? அறிவியல் புலத்தில் படிக்கும் நம் நண்பர்களுக்கு அம்மோனியா அளப்பது பெரிய காரியமல்ல. ஒரே பாலம், ஒரே மாதம், மழையில்லாத நாள். கிடைத்த எண்ணை ஆண்டுதோறும் இம்மலரில் அச்சிடுவோம். இறங்குவதானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.