பாட்டியின் கேள்வியை இனி வெட்ட மாட்டோம்: ஆவணப்படக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

"பாட்டி, இன்னொரு வாட்டி அந்தக் குடத்தோட நடந்து வாங்க."

இந்தப் பிரகடனம் பிறந்தது அந்த ஒரு வரியில். வறட்சியைப் பற்றிய படம். வெயில் ஏறுவதற்குள் ஷாட்டை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். முதல் தடவை பின்னால் ஒரு மொபெட் குறுக்கே வந்தது. இரண்டாம் தடவை பாட்டி கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மூன்றாம் தடவை எங்கள் ஆள் ஃபோகஸை விட்டுவிட்டான். நான்காம் தடவை நடந்து வந்தவர் பாதியில் நின்றார். இடுப்புக் குடத்தை இறக்கக்கூட இல்லை. "ஏங்கண்ணு, நாலு வாட்டி நடந்தா தண்ணி கிட்ட வந்துருமா?" என்றார்.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலர் மைக்கில் அவருடைய மூச்சிரைப்பு தெளிவாகப் பதிந்திருந்தது. எடிட்டில் அதை வெட்டினோம். முடிந்த படத்தில் பாட்டி ஒரே ஒரு தடவை நடந்து வருகிறார்; பின்னணியில் புல்லாங்குழல். படம் நாலு ஊர் போய்க் கைதட்டல் வாங்கி வந்தது. பல வருடம் கழித்து வேறு எதற்கோ அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தபோது, வெட்டிப்போட்ட துண்டுதான் படத்திலேயே நல்ல இடம் என்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த ஆறு பேரோடு பிறகு சேர்ந்தவர்களும் சேர்ந்து எழுதுவது இது. இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டு கூட்டம் அதற்காகவே போட்டுச் சண்டையில் முடிந்ததால் அதைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

எங்கள் வாதம் இதுதான். ஆவணப்படம் எடுப்பவர் யார், எப்படி நடந்துகொள்கிறார், அங்கே அவருக்கு என்ன வேலை என்பதை நாங்கள் எங்கள் படங்களில் காட்டாமல் மறைத்தோம். அந்தக் காலி இடத்தில் கதைப்படக்காரர்கள் புகுந்து அவரவருக்குத் தோன்றியபடி எங்களை வரைந்துவிட்டார்கள். கோபம் வருகிறது. ஆனால் வரைந்ததில் பாதி உண்மை.

அவர்கள் கையில் நாங்கள் பெரும்பாலும் மூன்று வேஷம் கட்டுகிறோம். முதலாவது காட்டுக்குள் கேமராவோடு போய்த் திரும்பாத முட்டாள். 1999இல் வந்த 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'டின் மூன்று மாணவர்களிலிருந்து இன்றைய பேய்ப்படங்கள் வரை, செத்த பிறகும் எங்கள் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். (எங்கள் பேட்டரி அவ்வளவு நேரம் தாங்கியதே கிடையாது.) இரண்டாவது ஊரைத் திருத்த வந்த உத்தமர். 'ரங் தே பசந்தி'யில் லண்டனிலிருந்து வரும் சூ, தாத்தாவின் டைரியை வைத்துக்கொண்டு டெல்லி இளைஞர்களைப் புரட்சியாளர்களாக நடிக்க வைக்கிறார். முடிவில் நடித்தவர்கள் குண்டடிபட்டுச் சாகிறார்கள்; படமெடுக்க வந்தவர் உயிரோடு இருக்கிறார். அழுதுகொண்டே கைதட்டிய நாம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது கழுகு. அதைத்தான் எங்களால் மறுக்க முடியவில்லை.

1992இல் பெல்ஜியத்தில் எடுத்த 'மேன் பைட்ஸ் டாக்' படத்தில் ஒரு குழு கொலைகாரன் ஒருவன் பின்னாலேயே படமெடுத்துத் திரிகிறது. குழுவிடம் காசு தீர்ந்துபோக, கொலைகாரனே படத்துக்குப் பணம் போடுகிறான். பிறகு பிணத்தை மறைக்கக் கை கொடுக்கிறார்கள், பிறகு அதைவிடக் கேவலமானதெல்லாம் செய்கிறார்கள். சவுண்ட் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாக, புது ஆள் வந்து மைக்கைப் பிடிக்கிறான். கொடூரமான கேலிதான். இருந்தாலும் தயாரிப்பாளரிடம் பணம் வாங்கிப் படமெடுத்த யாருக்கும் அந்தச் சறுக்கலின் முதல் இரண்டு படி புதிதாக இருக்காது.

எங்களை அதிகம் தைத்தது கியாரோஸ்தமியின் 1999 படம், 'தி விண்ட் வில் கேரி அஸ்'. டெஹ்ரானிலிருந்து ஒரு குழு குர்திஸ்தானில் சியா தரே என்ற மலைக்கிராமத்துக்கு வருகிறது. அங்கே ஒரு கிழவி சாகக் கிடக்கிறார். அவர் செத்தால் நடக்கும் துக்கச் சடங்கைப் படமெடுக்க வேண்டும். கிழவி சாகவில்லை. நாட்கள் போகின்றன. ஊரார் 'இன்ஜினியர்' என்று நினைக்கும் குழுத் தலைவர் தினமும் ஒரு பையனிடம் அந்தக் கிழவியின் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார். பையன் கொஞ்சம் தேவலை என்றால் முகம் விழுகிறது. டெஹ்ரானிலிருந்து போன் வரும்போதெல்லாம் சிக்னலுக்காக ஜீப்பை விரட்டிக்கொண்டு மேட்டு இடுகாட்டுக்கு ஓடுகிறார். எரிச்சலில் ஒரு நாள், சும்மா போன ஆமையைக் காலால் தட்டி மல்லாத்திவிட்டுப் போகிறார். ஆமை தானாகப் புரண்டு நிமிர்ந்து தன் வழியில் போய்விடும்.

நாங்களும் அப்படிக் காத்திருந்தவர்கள்தான். மழை பெய்துவிடுமோ என்று வறட்சிப் படத்துக்குப் போனவன் பயந்திருக்கிறான். சமரசம் ஆகிவிடுமோ என்று போராட்டத்தைப் படமெடுக்கப் போனவள் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை நாங்கள் எந்தப் படத்திலும் பதிவு செய்ததில்லை. அதைச் சொன்னவர் கதைப்படம் எடுத்த ஒரு ஈரானியர்.

தொலைக்காட்சியிலும் ஓர் உதாரணம். அமெரிக்க 'ஆபீஸ்' தொடர் 2005 முதல் 2013 வரை ஒன்பது சீசன் ஓடியது. காகிதக் கம்பெனி ஒன்றை ஆவணப்படக் குழு எடுத்துக்கொண்டே இருப்பதாகக் கதை. எட்டு சீசன் வரை அந்தக் குழுவின் முகமே தெரியாது. கடைசி சீசனில் கணவனோடு போனில் சண்டை போட்டுவிட்டு பாம் என்ற ஊழியர் அழும்போது, பூம் மைக் பிடிக்கும் பிரையன் மைக்கை இறக்கி வைத்துவிட்டு அருகில் வருகிறான். கேமராவை நிறுத்தச் சொல்கிறான். பிறகு ஒருவன் அவளை அடிக்க வரும்போது அதே மைக்கால் குறுக்கே விழுந்து தடுக்கிறான். வேலை போய்விடுகிறது. எங்களில் சவுண்ட் பார்க்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எட்டு வருஷம் கழிச்சாவது நம்ம ஆளு மூஞ்சிய காட்டுனாங்களே" என்றான். சிரித்தோம். அழுகிறவர் எதிரே மைக்கைப் பிடித்தபடி நின்ற நாட்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

எங்கள் தொழிலிலேயே முகத்தை மறைக்காத முன்னோர்கள் உண்டு. 1929இலேயே சோவியத் இயக்குநர் வெர்தோவ் தன் தம்பி காஃப்மனை ட்ரைபாடும் கையுமாகப் படத்துக்குள் ஓடவிட்டார். மனைவி ஸ்விலோவா ஃபிலிமை வெட்டி ஒட்டுவதையும் காட்டினார். 1961இல் பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மோரனும் தாங்கள் எடுத்ததைப் பங்கேற்றவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் போட்ட சண்டையையும் படத்தில் சேர்த்தார்கள். நம் நாட்டில் ஆனந்த் பட்வர்தன், 'பம்பாய் அவர் சிட்டி'யில் குடிசை இழந்த ஒரு பெண் ஏழைகளைப் படமெடுத்து என்ன கிழித்துவிடப்போகிறாய் என்ற தோரணையில் அவரையே திட்டுவதை வெட்டாமல் வைத்திருக்கிறார். 1985 படம். பாட்டியை நாங்கள் வெட்டியது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வாயில்லை.

தமிழில் 'செங்கடல்' இருக்கிறது. தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் படமெடுக்கப் போகும் ஆவணப்பட இயக்குநராக லீனா மணிமேகலை தன்னையே நடிக்க வைத்தார். தணிக்கையில் முதலில் அனுமதி மறுத்தார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் 2011இல் சான்றிதழ் கிடைத்தது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். இன்று அப்படி ஒரு படத்துக்குச் சான்றிதழ் மறுத்தால் நேரே உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். வக்கீல் ஃபீஸ் படச் செலவைத் தாண்டும்.

ஏ.கே. செட்டியாரை எந்தத் தமிழ்க் கதைப்படத்திலும் நாங்கள் பார்த்ததில்லை. 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்துகொண்டு காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதென்று முடிவு செய்த கோட்டையூர்க்காரர். லட்சம் மைல் அலைந்து, யார் யாரோ எடுத்துப் பெட்டியில் போட்டிருந்த சுருள்களைத் தேடி, 50,000 அடி சேர்த்து 1940இல் படத்தை வெளியிட்டார். அந்த அலைச்சலில் கப்பல் உண்டு, யுத்தம் உண்டு, போலீஸ் பயம் உண்டு. ஒரு கதாநாயகனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டூயட்டுக்கு இடமில்லை, அதுதான் குறை போலிருக்கிறது. அவரும் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளாத மனிதர். அந்தக் கூச்சத்தை மதிக்கிறோம். ஆனால் அவர் ஒதுங்கி நின்றது அடக்கத்தால். நாங்கள் ஒதுங்கி நின்றதில் தப்பித்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தது.

ஆகவே நாங்கள் முடிவு செய்திருப்பது: இனி எங்கள் படங்களில் "இன்னொரு வாட்டி" என்று சொன்ன குரல் இருக்கும். திரும்ப எடுத்த ஷாட் என்றால் அது திரும்ப எடுத்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்பது, படிக்க முடிகிற அளவு எழுத்தில், படிக்க முடிகிற நேரம் திரையில் நிற்கும். எங்களைத் திட்டியவரின் திட்டு, ஆபாசமாக இருந்தாலும், இருக்கும். படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள், விழாக்கள் பிறகு. அவர்கள் கூடாது என்றால் அந்தத் துண்டு கிடையாது. இதில் எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது: ஊழல் அதிகாரி தன் பேட்டியை எடுத்துவிடு என்றாலுமா? இல்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. எல்லைக்கோடு எங்கே என்று ஒவ்வொரு படத்திலும் சண்டை போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களில் மூத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "இப்படியே போனா, செத்த வீட்டுக்குப் போயி உங்க செல்ஃபிய எடுத்துட்டு வருவீங்கடா" என்றார். நியாயமான பயம். அதனால் ஒரு விதி சேர்த்தோம்: எங்கள் முகம் திரையில் வருவது எங்கள் தவறைக் காட்ட மட்டும், கண்ணீரைக் காட்ட அல்ல. அதற்கும் அவர் போடவில்லை. அவர் பெயருக்கான இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

கதைப்படம் எடுக்கும் நண்பர்களுக்கு: எங்களைக் கழுகாகக் காட்டுங்கள், தாராளமாக. ஆனால் கழுகுக்கு வாடகை பாக்கி உண்டு, அம்மாவிடமிருந்து "எப்பதான்டா ஒரு நல்ல வேலைக்குப் போவ" என்று போன் வரும், நானூறு மணி நேர ஃபுட்டேஜ் இருந்த டிஸ்க் ஒரு நாள் காலையில் திறக்காது. அதையும் காட்டுங்கள். பதினாறு பாக்கெட் வைத்த காக்கி ஜாக்கெட் மட்டும் வேண்டாம். அதைப் போட்ட ஆளை எங்களில் யாருமே பார்த்ததில்லை.

முதல் வேலையாகப் பாட்டியின் படத்தைத் திரும்ப டைம்லைனில் போட்டாயிற்று. புல்லாங்குழலை எடுத்துவிட்டோம். மொபெட், சிரிப்பு, ஃபோகஸ் போன ஷாட், கேள்வி, எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சித்திரை பிறந்ததும் ஊர்ச் சாவடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போடப்போகிறோம். பாட்டிக்குச் சொல்லி அனுப்பினோம். "கரண்டு இருக்குமான்னு கேட்டுக்கிட்டு வரச் சொல்லு" என்றாராம்.