அழகுப் பொருள் அலமாரியும் நம் உடல் என்னும் அமானிதமும்



வீட்டைச் சுத்தம் செய்வது பற்றி நாம் அடிக்கடிப் பேசுகிறோம். சமையலறையை ஒழுங்குபடுத்துகிறோம், ரமளான் வருமுன் திரைச்சீலைகளைத் துவைக்கிறோம். ஆனால் படுக்கையறைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தச் சிறிய அலமாரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முகப்பூச்சு, உதட்டுச் சாயம், கண் மை, நகப்பூச்சு, பவுடர், சுர்மா, அத்தர் எனக் குவிந்து கிடக்கும் அதைச் சீர்செய்வது வெறும் இடவசதிப் பிரச்சினையன்று. உடல்நலம், வணக்கம், செல்வம் ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன என்பதே நம் கருத்து.

"உஸ்தாதுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். உளூவின் சட்டங்களைக் கற்பிப்பவர்களிடம் நகப்பூச்சு பற்றிய கேள்வி வராமல் இருப்பதில்லை. மேலும், அழகை வெறுப்பது மார்க்கம் அன்று. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் ஐயுற்றபோது, அது பெருமையன்று என நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மனைவி தமக்காகத் தம்மை அழகுபடுத்திக் கொள்வதைப் போலத் தாமும் அவளுக்காக அழகுபடுத்திக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே அலமாரியை ஒழிக்கச் சொல்ல வரவில்லை. அதில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கவே அழைக்கிறோம்.

முதலில் பிரிக்க வேண்டியது: தீங்கு தருபவை

பேராவூரணி, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வட்டாரத்தில் சபுராளிகள் இல்லாத முஸ்லிம் தெரு அரிது. விடுமுறையில் வருபவரின் பெட்டி பிரிக்கப்படும்போது சாக்லேட், தைலம், அத்தர் ஆகியவற்றோடு முகத்தை வெளுப்பாக்கும் சிறு டப்பாக்களும் வெளிவருகின்றன. எந்த நாட்டில் செய்தது, யார் செய்தது என்ற விவரமே இல்லாத டப்பாவும் அவற்றில் உண்டு. "வெளிநாட்டுச் சாமான்" என்பதே அதற்கு நற்சான்றாகி விடுகிறது.

நம்மைப் போலவே வளைகுடாவை நம்பி வாழும் மலப்புறம் மாவட்டத்தில் நிகழ்ந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். அங்குள்ள கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சு பயன்படுத்தியவர்கள். ஒருவருக்கு மூளையின் இரத்தக்குழாயில் உறைவும் ஏற்பட்டது. பூச்சை நிறுத்தியபின் பலர் தேறினர். இவ்வாய்வு பின்னர் மருத்துவ இதழில் வெளிவந்தது. கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் முகம் வெளுத்துத் தெரிகிறது. ஆனால் தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. பூசியவரோடு அது நிற்பதுமில்லை. ஆவியாகியும், துண்டு, தலையணை உறை வழியாகவும், கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தையையும் அது அடைகிறது. இதனால்தான் மினமாட்டா உடன்படிக்கை இதைக் கட்டுப்படுத்தியது. இந்தியா 2018இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் நிறுத்துவதென்று உறுப்பு நாடுகள் 2023இல் முடிவு செய்தன. சட்டம் இருக்கிறது, ஆனால் பயணப் பெட்டிக்குள் வரும் டப்பாவை நாமே சோதித்தால்தான் உண்டு.

சோதிக்கும் வழி எளிது. தயாரித்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி ஆகிய நான்கும் உறையில் இருக்க வேண்டும். இந்தியாவில் முறையாக விற்கப்படும் வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். 'மெர்குரி', 'மெர்குரஸ்', 'கலோமல்' என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசமே. தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருந்தாலும் ஐயப்பட வேண்டும். தங்க வளையலில் படக்கூடாத பொருள் பெண்ணின் முகத்தில் படலாமா?

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகளும் இவ்வகையில் சேரும். அவை தோல் நோய்க்கு மருத்துவர் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் தரும் மருந்து. நாள்தோறும் பூசினால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

சுர்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தது 'இத்மித்' என்னும் அஞ்சனக் கல். இன்று சுர்மா என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, ஈயம் கலந்த கல்லை அரைத்தவை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுன்னத்தைப் பேணுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் பச்சிளங் குழந்தையின் கண்ணில் எதையும் தீட்டிவிடக் கூடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

ஏற்கெனவே இவற்றைப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எந்தப் பூச்சைப் பயன்படுத்தினோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் நோயின் காரணம் தெரியாமலே போகிறது.

இரண்டாவது: உளூவைத் தடுப்பவை

உளூவிலும் கடமையான குளிப்பிலும் கழுவ வேண்டிய உறுப்பில் தண்ணீர் பட வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. நகப்பூச்சு நகத்தின்மேல் ஒரு படலமாகப் படிகிறது. நீர்புகா மையும் அப்படியே இமைமுடியை மூடுகிறது. மருதாணி அவ்வாறன்று, அதன் விழுதைக் கழுவியபின் எஞ்சுவது நிறம் மட்டுமே. தோலில் ஊறிப்போகும் எண்ணெயும் படலமாக நிற்காதவரை தடையாகாது.

ஆகவே தடுப்பவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, அவற்றை நீக்கும் திரவத்தையும் பஞ்சையும் அதே பெட்டியில் வைப்பது நல்லது. கல்யாண வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பூசிவிட்டு, அங்கே மக்ரிப் நேரத்தில் அதை அகற்ற வழியின்றித் தொழுகையைத் தள்ளிப்போடும் நிலை இதனால் தவிரும். தொழுகை விலக்களிக்கப்பட்ட நாள்களில் பூசுவோரும், அந்நாள்கள் முடிந்து குளிக்குமுன் அதை அகற்றிவிட வேண்டும்.

மூன்றாவது: தேவைக்கு மிஞ்சியவை

ஒவ்வொரு தொழுமிடத்திலும் அழகுடன் இருக்கச் சொல்லும் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனமே, உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண்விரயத்தைத் தடுத்தும் முடிகிறது. அழகும் அளவும் ஒரே வசனத்தில் இடம்பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது. ஒரே நிறத்தில் மூன்று உதட்டுச் சாயம், திறந்து இருமுறை மட்டும் தொட்ட நான்கு பூச்சுகள் ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால் மனம் திடுக்கிடும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதில் கன்று நட்டு, காய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊர் நம்முடையது. ஒரு ரூபாய் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலாவதியானதை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. நமக்கு ஆகாததைப் பிறருக்குக் கொடுப்பது தர்மமாகாது. அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இதைத்தான் தடுக்கிறது. பாதரசம் இருப்பதாக ஐயமுள்ள டப்பாவை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியவும் கூடாது. இறுக மூடி, உறையிலிட்டு, தீங்கான கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியே ஒப்படைக்க வேண்டும்.

எஞ்சியவற்றை அடுக்குவது எளிது. குதிரில் பழைய நெல் இருக்கப் புது நெல்லை எடுக்காத நம் பாட்டிமாரின் முறையே போதும்: முதலில் காலாவதியாவது முன்வரிசையில், பின்னால் ஆவது பின்வரிசையில். உறையில் திறந்த டப்பா படம் போட்டு 6 அல்லது 12 என்ற எண் இருந்தால், திறந்தபின் அத்தனை மாதங்களே அது பயன்படும் என்பது பொருள். திறந்த தேதியை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிடலாம். கண்ணுக்கு இடுபவற்றை ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் தொடக்கூடாது. கண்நோய் அவ்வழியே பரவும். வெயில் விழும் சன்னலருகிலும், ஈரம் நிறைந்த குளியலறையிலும் வைத்தால் பொருள் விரைவில் கெடும்.

அலமாரியை நிறைத்தது யார்?

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். மேலே வாய்க்கால் தூர்ந்திருந்தால், கீழே எத்தனை பேர் மண்வெட்டியோடு நின்றாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. வெளுப்பாக்கும் டப்பாவும் அப்படித்தான். அதைக் குப்பையில் போடச் சொல்வது எளிது. அந்தப் பிள்ளை அதை ஏன் வாங்கினாள் என்று கேட்பதுதான் கடினம்.

பெண் பார்க்கப் போகும் வீட்டில் "பிள்ளை என்ன நிறம்?" என்று முதலில் கேட்பது நாம். "மார்க்கப் பற்றுள்ள பெண் வேண்டும், கொஞ்சம் சிவப்பாக இருந்தால் நல்லது" என்று தரகரிடம் சொல்பவர்களும் நம் மாமிமாரும் அத்தாமாரும்தாம். 1975 முதல் இந்நாட்டில் விற்கப்பட்டு வரும் புகழ்பெற்ற முகப்பூச்சு ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே நீக்கிவிட்டது. வணிக நிறுவனம் நீக்கிய சொல்லை நாம் இன்னும் திருமணப் பேச்சில் வைத்திருக்கிறோம். வெள்ளையருக்குக் கறுப்பரைவிடச் சிறப்பில்லை, இறையச்சத்தாலன்றி எவருக்கும் மேன்மையில்லை என்ற இறுதிப் பேருரையின் செய்தியை ஜும்ஆவில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகளின் நிறத்தை எடைபோடுகிறோம். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சமுதாயத்தில், கறுத்த பிள்ளை பாதரசம் பூசி மருத்துவமனைக்குப் போவதென்றால், அவள் படித்த பாடத்தை நாம் வாழ்ந்து காட்டவில்லை என்பதே பொருள்.

எனவே பெண்களிடம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அலமாரியைப் பிரித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்களிடம் கேட்பது சற்றுக் கூடுதல். சபுராளிகள் அடுத்த பயணத்தில் விவரமற்ற டப்பாவை வாங்காமல் வர வேண்டும். பெற்றோர் மகனுக்குப் பெண் தேடும்போது நிறத்தைப் பற்றிய கேள்வியை வாயிலேயே நிறுத்த வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளும் இமாம்களும் நிக்காஹ் உரைகளில் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். அப்போது அந்த அலமாரியில் சோப்பும் எண்ணெயும் மருதாணியும், பெண் தனக்கு விருப்பமாக வாங்கியவையும் மட்டும் இருக்கும். அச்சத்தால் வாங்கியது எதுவும் இராது.

அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணவும், அவன் படைத்த நிறத்தைப் பொருந்திக்கொள்ளவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக. ஆமீன்.