கேம் திறக்கலையா? ஒவ்வொண்ணா மாத்துங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாத சிலர் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். மாறியதும் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "என் கேம் ஓடுமா?"

பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் இயக்கும் 'புரோட்டான்' வசதியை, ஸ்டீம் செயலியை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்தது. ஆனால், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேமை முதல்முறை திறக்கும்போது, கிராஃபிக்ஸுக்கான 'ஷேடர்'கள் தயாராகச் சில நிமிடங்கள் ஆகலாம். 'ஹேங் ஆகிவிட்டது' என்று உடனே மூடிவிடாதீர்கள்.

காத்திருந்தும் திறக்கவில்லையா? நாலு செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது. முதலில் ஸ்டீமில் அந்த கேமின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குப் போய், 'கம்பாட்டிபிலிட்டி'யில் வேறொரு புரோட்டான் வெர்ஷனைத் தேர்ந்தெடுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு, கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். செய்ததை ஒரு தாளில் குறித்துவைத்தால், அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

பொறுமை எடுபடாத இடமும் உண்டு. வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றில் ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை. அதனால் விண்டோஸை அழிக்கும் முன்பே, பிள்ளைகள் விளையாடும் கேம்களின் பெயரை 'புரோட்டான் டிபி' தளத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். பிறகு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்காது!