ஒரு தாளாவது விட்டுச் செல்லுங்கள்

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் முதியோர் இல்லங்களிலும் சில பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு நீள நோட்டு சகிதம் தயங்கித் தயங்கி நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணிப் படிப்பில் முதலாண்டு சேர்ந்தவர்கள் அவர்கள். வாரத்தில் சில நாள் வகுப்பு, பெரும்பாலும் இரண்டு நாள் வெளியே பயிற்சி. அதை அவர்கள் 'ஃபீல்டு வொர்க்' என்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த என் வாயில் அது இன்னமும் 'ஸ்தாழ்' என்றுதான் வருகிறது. எழுபது வயதுக்கு மேல் நாக்கைத் திருத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நலத்திட்ட மனுக்கள் வந்து குவியும் செக்‌ஷனில் பல வருடங்கள் எழுத்தராக இருந்தேன். அதனால் இந்தப் பிள்ளைகள் அணி அணியாக வந்து போவதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். பொதுவாக நல்ல பிள்ளைகள். என் குறை அவர்கள் மேல் இல்லை, பயிற்சியை அமைத்திருக்கும் விதத்தின் மேல்தான். செமஸ்டர் முடிந்ததும் மாணவர் போய்விடுகிறார். அவர் எழுதிய பக்கங்கள் எல்லாம் மதிப்பெண்ணுக்காகக் கல்லூரிக்குப் போய்விடுகின்றன. அவர் யாரிடம் பேசினாரோ அந்த ஜனங்களுக்கும், உட்கார்ந்து வேலை செய்த இடத்துக்கும் ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சுவதில்லை. இதை மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்தப் படிப்பு நம் நாட்டில் பிறந்ததே ஒரு பேட்டையில்தான். பம்பாய் நாக்பாடாவில் ஆலைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஒரு சமூக இல்லம் நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936-ல் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் தொடங்கியது மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். வகுப்பில் படிப்பதை அந்த வாரமே தெருவில் போய்ப் பார், தெருவில் பார்த்ததை வகுப்பில் வந்து பேசு என்பதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. சட்டம் படித்தவன் கோர்ட்டைப் பார்க்காமல், கணக்கு படித்தவன் லெட்ஜரைப் பார்க்காமல் வெளியே வருவது போல இவர்கள் வருவதில்லை.

முதல் இரண்டு மூன்று வாரம் ஊர் சுற்றிப் பார்ப்பதில் போகும். பிறகு ஒவ்வொருவரையும் ஓர் இடத்தில் போடுவார்கள். அங்கே ஓர் அதிகாரி மேற்பார்வை, கல்லூரியில் ஒரு பேராசிரியர் மேற்பார்வை. வாரா வாரம் அறிக்கை எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தனிநபர் பணி இத்தனை, குழுப்பணி ஒன்று, ஊர்மக்களுக்கு ஒரு நிகழ்ச்சி என்று கணக்கு உண்டு. இந்தக் கணக்கில்தான் சிக்கல் தொடங்குகிறது. அக்டோபர் வந்ததும், "சார், எனக்கு இன்னும் ஒரு கேஸ் குறையுது, யாராவது இருக்காங்களா?" என்று என் மேசைக்கு வந்து கேட்ட பிள்ளைகள் உண்டு. வரிசையில் நிற்கும் கிழவியைக் காட்டி, இவர் உனக்குக் கேஸ் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் சொன்னோம். அந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் வேண்டும், கிழவிக்கும் மனு எழுத ஆள் வேண்டும்.

அப்படி ஒரு மாணவியிடம் வந்து சேர்ந்தவர் வம்பாகீரப்பாளையத்து அம்மா ஒருவர். மீன் கூடை சுமந்தவர், புருஷன் இல்லை, மகன் இருந்தும் இல்லாத மாதிரி. முதியோர் உதவித்தொகைக்கு மூன்று முறை மனு கொடுத்து மூன்று முறையும் திரும்பியிருந்தது. காரணம் எங்கள் செக்‌ஷனில் தினமும் பார்ப்பதுதான். ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் பன்னிரண்டு வயது கூட. பெயரிலும் ஓர் எழுத்து இடித்தது. பிறப்புச் சான்று என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்து எத்தா-சிவீல் பதிவேடுகள் நம் ஊரில் ஒழுங்காக இருந்தவை என்று பெருமையாகச் சொல்வோம். இந்த அம்மா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர்ப் பக்கத்துக் குப்பத்தில். பதிந்தவர் யாரும் இல்லை.

அந்த மாணவி கெட்டிக்காரி. வாரத்துக்கு இரண்டு நாள் என்றாலும் கணக்குப் பார்க்காமல் அலைந்தாள். அந்த அம்மாவைத் தானே கூட்டிக்கொண்டு போய், அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கினாள். பெயர்த் திருத்தத்துக்கு மனு எழுதிக் கொடுத்தாள். அவ்வளவும் நவம்பர் மூன்றாம் வாரத்தில் முடிந்தது. நான்காம் வாரத்தில் அவளுடைய பயிற்சியும் முடிந்தது. பரீட்சை, லீவு, அடுத்த செமஸ்டரில் வேறு இடம். வயதுச் சான்றின் அசல், அவளுடைய கேஸ் அறிக்கையோடு சேர்த்துக் குத்தப்பட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. இணைப்பு என்றால் அசலை வைப்பதுதான் ஒழுங்கு என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். அந்தப் பெண் வருவது வியாழன், வெள்ளி என்று அவருக்கு நினைவு. வந்து வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு இன்னிக்கி வரலியா சாமி?" என்பார். இனி வராது ஆயா என்று சொன்னாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வருவார். மனு எந்த நிலையில் இருக்கிறது, என்ன தாள் யாரிடம் இருக்கிறது என்று எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் கல்லூரிக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் போட்டேன். பிப்ரவரியில் சான்று திரும்பி வந்தது. ஏப்ரலில் அனுமதி ஆணை. ஆணைத் தேதியிலிருந்துதான் பணம், பின்தேதிக்குக் கிடையாது. டிசம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டிய தொகை. அந்தத் தொகை பெரியதல்ல என்று சொல்பவர்கள், மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லிப் பார்க்காதவர்கள்.

அந்த மாணவிக்குச் சிறந்த களப்பணிக்கான மதிப்பெண் கிடைத்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். தகுதியானவள்தான். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எங்கள் உத்தியோகத்தில் ஓர் எழுத்தர் ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்கு மாறினால், பக்கத்து அறைக்கே மாறினாலும் சரி, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதாமல் நகர முடியாது. நிலுவையில் உள்ள ஃபைல்கள் இவை, இது இன்னாரிடம் இருக்கிறது, இதற்குக் கெடு இந்தத் தேதி, பீரோச் சாவி இரண்டு. வாங்குபவர் கையெழுத்து, கொடுப்பவர் கையெழுத்து. சிவப்பு நாடா என்று உலகம் எங்களைச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் ஒரு மாற்றல் ஆணையில் நூறு பேருடைய மனு தொலையும்.

இதில் மொழி சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அறிக்கை எழுதுவது ஆங்கிலத்தில். நான் பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், ஆபீசில் ஆங்கிலம் என்று மூன்று படகில் கால் வைத்தவன். ஒரு மனிதர் சொன்னதை இன்னொரு பாஷையில் எழுதும்போது என்ன உதிர்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பையன் தன் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தான். 'டிப்ரஸ்டு' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா என்னப்பா சொன்னாங்க என்று கேட்டேன். "சோறு வடிச்சா யாருக்குப் போடறதுன்னு தெரியல, அதனால உலையே வைக்கல"ன்னு சொன்னாங்க சார் என்றான். இந்த வாக்கியத்தை வாசிக்கும் அங்கன்வாடி அம்மா அன்றைக்கே ஒரு தட்டுச் சோறு அனுப்பியிருப்பார். 'டிப்ரஸ்டு' என்பதை வாசித்தால் அவருக்கு என்ன புரியும்? முதலில் அவருக்கு அதை வாசிக்கவே கிடைக்காது, அது வேறு விஷயம்.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு தாள். ஆங்கில அறிக்கை கல்லூரிக்குப் போகட்டும், அதில் கோட்பாடு, கொள்கை எல்லாம் இருக்கட்டும். பயிற்சி முடிகிற நாளில் ஒவ்வொரு நபருக்கும் ஒரு பக்கம், தமிழில், அந்த இடத்திலேயே இருக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னார், இந்தத் தேவை, இதுவரை செய்தது இது, அசல் தாள் இன்னாரிடம் இருக்கிறது, அடுத்து செய்ய வேண்டியது இது, இந்தத் தேதிக்குள். வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் கல்லூரி களப்பணி மதிப்பெண் போடக்கூடாது. இன்னொன்றும் உண்டு, அது கடைசி நாள் வேலை அல்ல, முதல் நாள் வேலை: "நான் நவம்பர் வரைக்கும்தான் வருவேன் ஆயா, அப்புறம் இன்னார் பார்த்துக்குவாங்க" என்று வாயால் சொல்லிவிடுவது. இதைச் சொல்லத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். சொன்னால் மனம் விட்டுப் பேச மாட்டார்களோ என்று பயம். நம் ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. தவணை தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி நம்புவார்கள். சொல்லாமல் போனால்தான் வெள்ளிக்கிழமை தோறும் தூணோரம் வந்து உட்காருவார்கள்.

என் தங்கையின் பேத்தி பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறாள். நம் புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர். அவள் அங்கே 'அசிஸ்தாந்த் சோசியால்' படிப்பு படித்தவள். பிரான்சில் அந்த வேலைக்கு அரசு டிப்ளோமா 1932-லேயே வந்துவிட்டது. மூன்று வருடப் படிப்பு, அதில் ஏறக்குறைய ஒரு வருடம் ஸ்தாழ். பள்ளி, பயிற்சி தரும் இடம், மாணவர் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் ஒரு சிறு தொகையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம். (பணம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று பயிற்சிக்கு எடுப்பதையே குறைத்துக்கொண்ட இடங்களும் உண்டாம். அங்கேயும் மனுஷர்கள்தானே.) முதல் ஸ்தாழின் கடைசி வாரத்தில், தான் பார்த்துவந்த குடும்பங்களுக்கு, அடுத்து வரப்போகிறவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதற்கு அவளுக்கு இரண்டு நாள் பிடித்ததாம். நம் பிள்ளைகளுக்கு பஸ் காசுகூட யாரும் தருவதில்லை. ஒப்பந்தம், தொகை எல்லாம் நாளைக்கு வரட்டும். அந்த இரண்டு நாளை இன்றைக்கே கொடுக்கலாம், செலவில்லை.

ஒரு பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது இரண்டு மறுப்பு சொன்னார். ஒன்று, கேஸ் விவரம் ரகசியம், அலுவலகத்தில் விட்டுவர முடியாது. நியாயமான பேச்சு. ஆனால் நான் கேட்கும் தாளில் குடும்பச் சண்டையும் மனக்குறையும் வேண்டியதில்லை, தேவையும் தேதியும் போதும். அதையும் அந்த மனிதரிடம் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு வைத்தால் போதும். மேலும், அதே ரகசியம் கல்லூரி பீரோவில் மட்டும் பத்திரமாக இருக்கிறதா என்று நான் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார்.

இரண்டாவது மறுப்பு, இவர்கள் கற்க வந்தவர்கள், ஊழியர்கள் அல்ல, அவர்கள் தலையில் பொறுப்பை ஏற்றக் கூடாது என்பது. இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவரும் கற்க வந்தவர்தான். அவர் நோயாளியைப் பார்த்து எழுதுகிற கேஸ் ஷீட் கட்டிலோடு இருக்கிறது. ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் அதைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார். தான் கற்பதற்காக எழுதினேன், ஆகவே வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று எந்தப் பயிற்சி மருத்துவரும் சொல்வதில்லை. சமூகப்பணியில் மட்டும் ஏன் வேறு நியாயம்? பயிற்சி கொடுக்கும் இடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வந்த பிள்ளைகளை ரிஜிஸ்தரில் கோடு போட வைத்து, மாலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும் அதிகாரிகளை நான் அறிவேன். ஒப்படைக்கும் தாளை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தானே கொடுக்க முடியும்? ஆகவே தாளை வாங்கி வைக்கச் சம்மதிக்காத இடத்துக்குக் கல்லூரி பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இந்த வருடம் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு முதல் ஸ்தாழ். எங்கே போடுவார்கள் என்று இன்னும் சொல்லவில்லையாம். பையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் தாத்தா என்று கேட்டாள். தண்ணீர், குடை, கோடு போட்ட தமிழ் நோட்டு ஒன்று, அப்புறம் கார்பன் தாள் என்றேன். எழுதினால் ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி அங்கேயே. கார்பன் தாள் என்றால் என்ன என்று கேட்டாள். நேரு வீதியில் ஒரு கடையில் இன்னும் வைத்திருக்கிறார்கள், பத்துத் தாள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.