கெடு இல்லையேல் காசு இல்லை!



நேற்று, 2007 மே 25 வெள்ளிக்கிழமை, அமெரிக்க அதிபர் புஷ் போர் நிதி மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காக ஏறத்தாழ 10,000 கோடி டாலர் கைமாறிவிட்டது. படைகள் எந்தத் தேதியில் ஊர் திரும்பும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. வியாழனன்று பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 280, எதிர்ப்பு 142. அன்றே செனட்டில் 80க்கு 14. போன நவம்பரில் மக்கள் இரண்டு அவைகளையும் ஜனநாயகக் கட்சியின் கையில் தூக்கிக் கொடுத்தது இதற்காகவா?

வியாழன் இரவிலிருந்து தொலைபேசியில் கேட்பதெல்லாம் சோர்ந்த குரல்கள். நாலு வருடமாகத் தெருவில் நின்றோம், இனி என்ன இருக்கிறது என்கிறார்கள். அந்தச் சோர்வு நியாயமானது. ஆனால் சோர்ந்து உட்கார இது நேரமில்லை. வரும் வாரம் அமெரிக்கக் காங்கிரசுக்கு விடுமுறை. உறுப்பினர்கள் அவரவர் தொகுதியில், நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அக்டோபர் 1 அன்று புதிய நிதியாண்டு பிறக்கிறது. அந்த ஆண்டுக்கான போர்ப் பணத்தை இந்தக் கோடையிலும் செப்டம்பரிலும்தான் பேசப்போகிறார்கள். அந்தத் தேதிக்கு ஏறத்தாழ நான்கு மாதம்தான் இருக்கிறது.

நடந்ததை மறக்காமல் மனதில் வையுங்கள். மார்ச் 23 அன்று பிரதிநிதிகள் அவை, 2008 ஆகஸ்ட் முடிவுக்குள் போர்ப் படைகள் இராக்கை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு போர்ப் பணத்தை நிறைவேற்றியது. 218க்கு 212, நூலிழை வெற்றி. பிறகு இரு அவைகளும் பேசி ஒரே மசோதாவாக்கின. அதில் வெளியேற்றம் தாமதித்தாலும் இந்த அக்டோபர் 1க்குள் தொடங்கியாக வேண்டும் என்று இருந்தது. மே 1 அன்று புஷ் அதை வெட்டோ செய்தார். சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதே மே 1 அன்றுதான் விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, பெரிய போர் நடவடிக்கைகள் முடிந்துவிட்டன என்று அறிவித்தவர் அவர். மறுநாள் வெட்டோவை முறியடிக்க நடந்த வாக்கெடுப்பில் 222க்கு 203. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

இங்கேதான் தலைவர்கள் நம்மிடம் ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். "மூன்றில் இரண்டு பங்கு இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" இந்தக் கணக்கை ஏற்காதீர்கள். வெட்டோவை முறியடிக்கத்தான் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பணம் கொடுக்காமல் இருக்க அது தேவையே இல்லை. சட்டம் இயற்றி ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. ராணுவத்துக்கான ஒதுக்கீடு இரண்டு ஆண்டுக்கு மேல் நீளக்கூடாது என்றும் அதே பிரிவு கட்டுப்படுத்துகிறது. போரை நடத்துபவர் ஒருவர், சாவியை வைத்திருப்பவர் வேறொருவர் என்பதுதான் ஏற்பாடு. அவைக்கு எந்த மசோதா வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சபாநாயகர் நான்சி பெலோசியும் அவருடைய கட்சித் தலைமையும். வியாழனன்று ஜனநாயகக் கட்சியினர் 140 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். பெலோசியே எதிர்த்துத்தான் வாக்களித்தார். ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 86 பேர். தன் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்த, தானே எதிர்த்த ஒரு மசோதாவை அந்தத் தலைமையே அவைக்குக் கொண்டுவந்து, குடியரசுக் கட்சியின் வாக்குகளால் நிறைவேற வழிவிட்டது. இதைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். மே 10 அன்று பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜிம் மெக்கவர்ன் கொண்டுவந்த மசோதா, ஒன்பது மாதத்துக்குள் படைகள் வெளியேற வேண்டும் என்று கேட்டது. தோற்றது. ஆனால் 171 பேர் ஆதரித்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பணத்தை மறுத்தவர்கள் 142 பேர். அப்படியானால் வெளியேற்றத்துக்குக் கை தூக்கியவர்களில் குறைந்தது 29 பேர், பணத்தை நிறுத்த வேண்டிய நேரத்தில் நம்மோடு இல்லை. அந்தப் பெயர்கள் ரகசியமல்ல. வாக்குப் பட்டியலில் அச்சாகியிருக்கின்றன. மொத்தம் 435 பேர் கொண்ட அவையில் 218 மறுப்பு இருந்தால் எந்தப் போர்ப் பணமும் நகராது. 142உடன் இன்னும் 76 பேர். கொடுத்த ஜனநாயகக் கட்சியினரோ 86 பேர்.

பணத்தை மறுத்துப் போரை நிறுத்துவது நடக்காத கதையும் அல்ல. 1970 செப்டம்பர் 1 அன்று, 1971 முடிவுக்குள் வியட்நாமிலிருந்து படைகள் வரவேண்டும் என்று செனட்டர்கள் ஜார்ஜ் மெக்கவர்னும் மார்க் ஹாட்ஃபீல்டும் கொண்டுவந்த திருத்தம் 55க்கு 39 என்று தோற்றது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அன்று போரை எதிர்த்தவர்களுக்கும் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியிருக்கும். போகவில்லை அவர்கள். 1973 ஜூனில், கம்போடியா மீது குண்டு போடப் பணமில்லை என்ற நிபந்தனையைக் காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவில் பூட்டியது. ஜூன் 27 அன்று அதிபர் நிக்சன் வெட்டோ செய்தார். முறியடிக்க அன்றும் மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் நிபந்தனையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மசோதாவோடு திரும்பவில்லை. நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது, அரசு ஓடப் பணம் வேண்டும், நிபந்தனையோ விடுவதாயில்லை. நிக்சன் இறங்கி வந்தார். ஆகஸ்ட் 15 என்று தேதி குறிக்கப்பட்டது, அன்றே குண்டுவீச்சு நின்றது. இந்த மே மாதம் நடக்காமல் போனது இதுதான்.

அந்த ஆறு வாரத் தவணைக்கும் விலை இருந்தது. ஆகஸ்ட் 6 அன்று நியாக் லுவாங் என்ற கம்போடிய ஊர் மீது பி-52 விமானம் தவறுதலாகக் குண்டுகளைக் கொட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தேதியை ஒரு மாதம் தள்ளிவைப்பது பேரத்தில் சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த ஊருக்கு அது சின்ன விஷயமில்லை.

தெருவில் உங்களிடம் கேட்பார்கள்: போர்க்களத்தில் நிற்கும் பிள்ளைகளைக் குண்டில்லாமல் கைவிடுவதா? நேராகப் பதில் சொல்லுங்கள். படைகளைப் பத்திரமாகத் திருப்பி அழைத்துவர எவ்வளவு ஆகுமோ அதைக் கொடுங்கள், அதற்கு மட்டும் கொடுங்கள் என்று பிரதிநிதிகள் அவை உறுப்பினர் பார்பரா லீ மாதக்கணக்கில் கேட்டுவருகிறார். 2001 செப்டம்பரில் 420 பேருக்கு எதிரே தனியாக நின்று போர் அதிகாரத்தை மறுத்த அதே பார்பரா லீ. கைவிடுவது யார்? 12 மாதப் பணியை ஏப்ரலில் 15 மாதமாக நீட்டியது பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ். காயம்பட்டு வந்தவர்களை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பூஞ்சை பிடித்த அறைகளில் போட்டு வைத்திருந்தது பிப்ரவரியில் வெளிவந்தது. 3,400க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்துவிட்டார்கள். இராக் மக்களில் இறந்தோர் எண்ணிக்கையை இந்த அரசு சொல்வதே இல்லை.

தேதி சொன்னால் எதிரி காத்திருப்பான் என்பார்கள். இராக் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். 275 பேர் கொண்ட அவர்களுடைய நாடாளுமன்றத்தில் 144 பேர், வெளியேறத் தேதி குறியுங்கள் என்று இந்த மாதம்தான் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் புதிய சட்டம் தருவது 18 இலக்குகள். அதில் ஒன்று எண்ணெய்ச் சட்டம்! எட்டாவிட்டால் குறைவது அவர்களுக்கான மறுசீரமைப்பு உதவி. அதையும் புஷ் விரும்பினால் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அமெரிக்கப் படைக்கு எந்தக் கெடுவும் இல்லை.

நமக்குள் இருக்கும் புண்ணையும் பேசியாக வேண்டும். மார்ச் மசோதா வந்தபோது நாம் இரண்டாகப் பிரிந்தோம். கெடு இருக்கிறதே, ஆதரிப்போம் என்றது ஒரு பக்கம். கெடு இருந்தாலும் போருக்குப் பணம் பணம்தான், எதிர்ப்போம் என்றது இன்னொரு பக்கம். அவை உறுப்பினர்கள் லீ, மாக்சின் வாட்டர்ஸ், லின் வுல்சி மூவரும் எதிர்த்தார்கள். ஒருவரையொருவர் துரோகி என்று எழுதிக்கொண்டோம். பயிற்சிக்கென்றும் பயங்கரவாத ஒழிப்புக்கென்றும் ஒரு பகுதிப் படையை நிறுத்திவைக்க அந்த மசோதாவில் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மை. போர்ப் பணத்தோடு ஒரு தேதியை வாக்கெடுப்பில் வெல்ல முடியும் என்று முதன்முதலாகக் காட்டியதும் அதே மசோதாதான். வியாழனன்று அந்தச் சண்டை காலாவதியாகிவிட்டது, தோழர்களே. நிறைவேறிய மசோதாவில் கெடுவே இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்ல ஒரே வார்த்தைதான் உண்டு: முடியாது.

நம்மில் பலருக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. வேலை விசாவில் வந்தவர்கள், பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவர்கள். ஆனால் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் கூட்டரசு வரி பிடிக்கிறார்கள். இராக்கின் ஃபலூஜாவில் விழுந்த குண்டில் நம் காசும் இருக்கிறது. விசாவில் இருக்கும் தோழர்கள் கைதாகும் மறியலில் உட்கார வேண்டாம். அதற்குக் குடியுரிமை உள்ளவர்கள் முன்வரட்டும். பிப்ரவரியிலிருந்து உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குள் அமர்ந்து, இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக் கைதானவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். கைதாக முடியாதவர்களுக்கும் வேலை நிறையக் கிடக்கிறது: வாக்குப் பட்டியலைப் படியெடுப்பது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கி முன் வரிசையில் நிற்பது.

திங்கட்கிழமை போர்வீரர் நினைவு நாள், அலுவலகங்கள் மூடியிருக்கும். அன்று மாலைக்குள் உங்கள் தொகுதி உறுப்பினர் மே 10 அன்றும் மே 24 அன்றும் எப்படி வாக்களித்தார் என்று எடுத்து வையுங்கள். செவ்வாய் காலை அலுவலகம் திறக்கும்போது குறைந்தது ஐந்து பேராக வாசலில் இருங்கள். சிப்பாய்களின் பெற்றோர் யாராவது வர இசைந்தால் அவர்களை முன்னே விடுங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வெளியேறும் தேதி இல்லாத போர்ப் பணத்துக்கு அடுத்த முறை எதிர்த்து வாக்களிப்பீர்களா, ஆமா இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உதவியாளர் "பரிசீலிப்போம்" என்றால் புதன்கிழமையும் போங்கள். மே 24 அன்று மறுத்தவர்களிடமும் போய் நன்றி சொல்லி, செப்டம்பரில் மாற மாட்டேன் என்று கையெழுத்து வாங்கி வாருங்கள். விடுமுறை முடிந்து அவர்கள் வாஷிங்டனுக்கு விமானம் ஏறுவதற்குள், அந்த 86 பேரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்காமல் ஏறக்கூடாது.