புளியமரம் எப்போது தூங்கும்?

சகோதரிகளே, மஃரிபுக்கு நெருங்கும் வேளையில் வளவிலுள்ள புளியமரத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சிற்றிலைகள் சோடி சோடியாக மடிந்துவிடும், விடிந்தால் விரியும். மாமன்னர் அலெக்சாந்தரின் கடற்பயணத்தில் சென்ற அந்திரோஸ்தனிஸ் இதே காட்சியை, இன்று நம் பிள்ளைகள் உழைக்கப் போகும் பஹ்ரைனில் கண்டு எழுதிவைத்தார். அது 2300 ஆண்டுகளுக்கு முன்பு.

வெயில் போவதால்தான் இலை மடிகிறது என்று நினைப்போம். 1729இல் மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை இருட்டிலேயே வைத்துப் பார்த்தார். அப்போதும் அது பகலில் விரிந்து இரவில் மடிந்தது. ஆக, கடிகாரம் செடிக்கு உள்ளேயே இருக்கிறது.

அதை ஓட்டுபவை ஜீன்கள் எனப்படும் பரம்பரையலகுகள். எழுத்துப் பிழை போல அவற்றில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் நேரம் பிசகும். கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை ஒன்றில் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் ஜீனைச் சேர்த்து, நாற்றுகள் மினுங்குவதை இரவு பகலாகக் கணக்கெடுத்தார்கள், அமெரிக்க ஆய்வாளர்கள். ஒரு நாற்றின் ‘நாள்’ 21 மணித்தியாலமாகக் குறுகியிருந்தது! 1995இல் வெளியான செய்தி இது. மாறிய ஜீனுக்கு ‘டொக் 1’ என்று பெயர்.

நேரம் பிசகினால் என்ன நட்டம்? உள் கடிகாரமும் வெளியே பகலிரவும் ஒத்துப்போகும் செடியில் இலைப்பச்சை கூடுதல், வளர்ச்சியும் கூடுதல் என்று 2005இல் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். ஒவ்வாதது பின்தங்கியது.

ஆனால் எல்லா மாற்றமும் கேடல்ல. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே மேல். அதையும் அளந்து, பகல் குறுகிய பிறகே பூத்தன மாவீ போன்ற இலங்கையின் பழைய ஆறுமாத நெல்லினங்கள். குடாநாட்டிலோ வற்றாத ஆறில்லை. மழை ஓய்ந்தால் வயல் காயும். பூக்கும் ஜீன்கள் மாறி, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத நெல் வந்ததால்தான் ஏ.ரி. 362 போன்றவற்றை மூன்றரை மாதத்தில் அறுக்க முடிகிறது. கஞ்சிக்குப் பழைய நெல்தான் ருசி என்பார்கள் மூத்தம்மாமார். நான் மறுக்கவில்லை, மழை காத்திருக்காதே!

சமையலறைக்கும் ஒரு செய்தி. அறுத்த கோவாவிலும் இந்தக் கடிகாரம் ஓடுவதை 2013இல் அமெரிக்காவில் கண்டார்கள். புழுவின் பகலிரவோடு ஒத்த வெளிச்சத்தில் வைத்த கோவாவை, நேரம் மாற்றி வைத்ததைவிடப் புழு குறைவாகவே தின்றதாம்.